பாய்ச்சலுக்கு இரண்டு பக்கம்

வல்லை வெளியில் காற்றுக்கு மறைப்பில்லை. வீதிக்கு இரண்டு பக்கமும் உவர்த்தரை, அதற்கப்பால் கடல்நீரேரி. அங்கேயிருந்து கிளம்பும் காற்று குறுக்கே வந்து அறையும். புதிதாக ஸ்கூட்டி ஓடுகிறவர்கள் அந்த இடத்தில் பயந்து வேகத்தைக் குறைப்பார்கள். குறைத்த கையோடு காற்று அவர்களை வீதிக்கரைக்குத் தள்ளிவிடும். டிலக்ஷி குறைப்பதில்லை. பின்னால் பார்சல் பெட்டி, தலையில் சிவப்புத் தலைக்கவசம், கொஞ்சம் காற்றுப் பக்கமாகச் சாய்ந்த உடம்பு. போகிற வேகத்திலேயே அந்த வெளியைக் கடந்துவிடுவாள்.

வயது இருபத்தாறு. ஊர் மணற்காடு. தகப்பன் இன்னாசித்தம்பியும் தமையன் லெனாட்டும் ஒரே போட்டில் தொழிலுக்குப் போகிறார்கள். தாய் அருமைநாயகி கரையில் மீன் ஏலம் கூறுவதில் பேர்போனவள். அவள் குரல் கேட்டால் வியாபாரிகள் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்கள். சுனாமிக்குப் பிறகு கடலை விட்டுத் தள்ளிக் கட்டிக்கொடுத்த வீட்டில் குடியிருப்பு. டிலக்ஷி உயர்தரத்தில் வர்த்தகம் படித்தாள். நெல்லியடியில் ஒரு பார்சல் நிறுவனத்தில் கந்தோர் வேலை கிடைத்தது. கதிரையில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விநியோகத்துக்கு ஆள் காணாது என்று ஒருநாள் மனேச்சர் புலம்பியபோது, "சாவியைத் தாங்கோ" என்று கையை நீட்டினாள். அன்று வெளியே போனவள்தான், திரும்பக் கந்தோருக்குள் உட்காரவில்லை.

அந்தரக்கடலுக்குள்ளும் அவள் ஒரு பார்சலோடுதான் நுழைந்தாள்.

அச்சுவேலியில் கோபிசங்கர் என்ற பௌதிகவியல் ஆசிரியருக்கு வந்த பெட்டி அது. கையில் எடுத்தால் உள்ளே கலகலவென்று சத்தம்.

"உடைஞ்சு போச்சோ தெரியேல்லை, சேர். திறந்து பாத்திட்டுக் கையெழுத்து வையுங்கோ."

அவன் திறந்தான். உள்ளே கண்ணாடிபோல மினுங்கும் பகடைகள். நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று பலவிதம்.

"உதென்ன, மாபிளோ?"

"பகடை. விளையாடுறதுக்கு."

"இருபது முகத்தை வைச்சுக்கொண்டு என்ன விளையாடுறது?"

விளக்கம் கேட்டால் விடாத ஆள் கோபிசங்கர். அவன் சொன்னதன் சாரம் இதுதான். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி இருப்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "வாசலில் இரும்பு யாளி நிற்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்பார். சண்டை பிடிக்கிறதோ, பேசிப் பார்க்கிறதோ, ஓடுகிறதோ, அது அவரவர் முடிவு. முடிவு பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். பிறநாடுகளில் இதற்குப் பெரிய பெரிய புத்தகங்கள் இருக்கின்றன. கோபிசங்கர் தமிழில் தானே ஒன்று எழுதிக்கொண்டிருந்தான். பெயர் அந்தரக்கடல். அதில் உலகங்கள் வானத்தில் தீவுகளாக மிதக்கும். மந்திரம் ஓதி முடுக்குகிற எஞ்சின்களோடு கப்பல்கள் அவற்றுக்கிடையே ஓடும். கைவிடப்பட்ட விண்கோயில்களில் கணினிகள் இன்னும் பூசை நேரம் பார்த்து மணி அடிக்கும்.

டிலக்ஷியின் பெட்டியில் இன்னும் பார்சல்கள் கிடந்தன. அவள் தலைக்கவசத்தைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, "சண்டையைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றாள்.

சண்டை பிடிக்கிற பாத்திரத்துக்குக் கோபிசங்கரும் கூட விளையாடுகிறவர்களும் 'சண்டைக்காரர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைவிட எடுப்பான சொல் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் போர் கண்ட இந்த ஊரில் அதை விளையாட்டுக்கு எடுக்க யாருக்கும் கை வரவில்லை. சண்டைக்காரருக்கு மூன்று வழிகள். மதில் வழிக்காரர் நின்ற இடத்தில் நின்று அடியைத் தாங்குவார். நிழல் வழிக்காரர் ஒளித்து வந்து குத்துவார். மூன்றாவது வெறுமையாகக் கிடந்தது.

"அது உந்தத்திலை ஓடவேணும் எண்டது மட்டும் தெரியும்" என்றான் கோபிசங்கர். "திணிவு, வேகம், ரெண்டும் சேர்ந்த அடி. அதை எப்பிடி விளையாட்டாக்கிறது எண்டுதான் பிடிபடேல்லை."

"எனக்குத் தெரியும், சேர்."

"பகடையையே நீர் இண்டைக்குத்தானே பாக்கிறீர்!"

"பகடையை இண்டைக்குத்தான் பாக்கிறன். உந்தத்தைச் சின்னனிலையிருந்து பாக்கிறன்."

அவள் பெருமைக்குச் சொல்லவில்லை. மணற்காட்டில் இறங்குதுறை கிடையாது. கரைக்கு வருகிற போட்டை ஓட்டுகிறவர் பின்னால் வரும் அலையைப் பார்ப்பார். அது கிட்ட வந்ததும் வேகத்தைக் கூட்டி அதன் முதுகில் ஏறுவார். கடைசிக் கணத்தில் எஞ்சினைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுவார். மிச்சத்தை வந்த வேகம் பார்த்துக்கொள்ளும். போட் மணலில் பாய்ந்து ஏறும். முந்தித் தூக்கினால் அலை போட்டைக் குறுக்கே திருப்பிப் புரட்டும். பிந்தினால் எஞ்சின் விசிறி மணலில் அடித்து உடையும். பாய்ந்து ஏறியபின் அது போட் அல்ல, கனத்த மரக்குற்றி. தானாக ஒரு சாண் நகராது.

அப்படித்தான் பாய்ச்சல் வழி பிறந்தது. டிலக்ஷி பகடையோடு சோகியை, அதாவது கடற்சோழியை, சேர்த்தாள். பாய்ச்சல்காரர் தன் முறையில் நகர்ந்தால் ஒரு சோகி எடுக்கலாம். நகராமல் நின்றால் சேர்த்த சோகி எல்லாம் போய்விடும். அடிக்கும்போது கையிலிருக்கும் சோகி முழுவதையும் மேசையில் போடவேண்டும். ஒவ்வொரு சோகிக்கும் ஒரு பகடை கூடுதலாக உருட்டலாம். அடித்தபின் அடுத்த சுற்றுக்கு அவரால் நகர ஏலாது. கரையேறிய போட் மாதிரி.

வீட்டு மேசையில் அதைச் சோதித்தார்கள். டிலக்ஷி கதை நடத்தினாள். லெனாட்டும், அவனோடு தொழிலுக்குப் போகும் டினேஸும், இரண்டு மச்சாள்மாரும் விளையாடினார்கள். டினேஸ்தான் பாய்ச்சல்காரன். சோகியைக் குலுக்கிக்கொண்டு வட்டமடித்து வந்து அடிப்பான். லெனாட் ஓடிப்போய் அவனை இழுத்தெடுப்பான். டினேஸ் திரும்பவும் ஓடத் தொடங்குவான். எதிரில் எது நின்றாலும் சரிந்தது.

"உன்ரை அந்தரக்கடலிலை மீன் கிடையாதோடி?" என்று லெனாட் கேட்டான். "இவ்வளவு தூரம் ஓடி ஓடி இரும்பைத்தானே பிடிக்கிறம்."

கோபிசங்கரிடம் அவள் வெற்றிச் செய்தி சொன்னாள். அவன் துள்ளவில்லை.

"வீட்டுக்காரர் வடிவா விளையாடுவினம், டிலக்ஷி. புத்தகத்தை வாங்கப்போறவை உம்மடை வீட்டுக்காரர் இல்லை. முகம் தெரியாத ஆக்கள் விளையாடிப் பாக்கட்டும். அவையின்ரை மேசையிலையும் நிண்டால், பாய்ச்சல் உள்ளுக்கு."

நாளும் குறித்தான். அச்சுவேலியில் அவன் படிப்பிக்கும் ரியூசன் கொட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா கிடக்கும். அங்கே ஒரு விளையாட்டு நாள், யாரும் வரலாம். அன்று மாலை ஆறு மணிக்குப் புத்தகத்தின் கோப்பு அச்சகத்துக்குப் போய்விடவேண்டும். பிந்தினால் தவணைப் பரீட்சைத் தாள்கள் வந்து இயந்திரத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு எப்போது கிடைக்குமென்று அச்சகக்காரருக்கே தெரியாது. படம் கீறிப் பக்கம் அமைக்கிற நிரோஜினி பாய்ச்சலுக்காக இரண்டு பக்கத்தை வெள்ளையாக விட்டிருந்தாள்.

"உன்ரை வழி வராட்டி அதுக்குள்ளை போடுறதுக்கு ஒரு வரைபடம் கீறி வைச்சிருக்கிறன்" என்றாள் நிரோஜினி. "நல்ல வடிவான வரைபடம். சொல்லிப்போட்டன்."

"ஆசைப்படாதை."

அந்த இரண்டு பக்கத்தின் அடியில் 'பாய்ச்சல் வழி: டிலக்ஷி இன்னாசித்தம்பி' என்று சிறிய எழுத்தில் வரும். ஊர் ஊராக மற்றவர்களின் பெயர் ஒட்டிய பெட்டிகளைக் கொண்டுதிரிகிறவள் அவள். தன் பெயர் ஒட்டிய ஒன்று வெளியே போகிறதை நினைக்க நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிறு வந்தது. கொட்டில் இப்படி நிரம்பும் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. பல்கலைக்கழகப் பிள்ளைகள், வங்கிக்காரர், ஒரு மருந்தகத்துக்காரர், 'என்ன கூட்டம்' என்று எட்டிப்பார்க்க வந்து உட்கார்ந்துவிட்டவர்கள். பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்குகளை ஒட்டிப்போட்டு மேசையாக்கினார்கள். கரும்பலகையில் யாரோ விட்டுப்போன சமன்பாட்டுக்குக் கீழே நிரோஜினி இரும்பு யாளியைக் கீறினாள்.

டிலக்ஷி இருந்த மேசையில் கோபிசங்கரே கதை நடத்தினான். பாய்ச்சல்காரியாக வந்தமர்ந்தவள் உதயகலா. புத்தூரில் வெங்காயத் தோட்டம், சொந்தமாக ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், அதைத் தானே ஓட்டுகிற கை. விதிகளை ஒருதரம் கேட்டாள், மறுபடி கேட்கவில்லை.

யாளி விண்கோயில் வாசலை மறித்து நின்றது. உதயகலா அதைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சோகி. அடுத்த மேசைக்காரரும் எட்டிப்பார்க்கத் தொடங்கினார்கள். சோகி முழுவதையும் மேசையில் போட்டு, கை கொள்ளாத பகடைகளை உருட்டினாள். கொட்டில் ஆர்ப்பரித்தது. யாளியின் பாதி மார்பு பிளந்தது.

மற்றப் பாதியோடு யாளி நின்றது. அடுத்த சுற்றில் உதயகலா நகர ஏலாது. மேசையிலிருந்த மற்றவர்கள் தங்கள் தங்கள் அலுவலைப் பார்த்தார்கள்: ஒருவர் மந்திரம் எறிந்தார், ஒருவர் வாசலைத் திறக்கப் பார்த்தார். யாளி குனிந்து கவ்வியது.

"முடிஞ்சுதோ?" என்றாள் உதயகலா.

"முடிஞ்சுது" என்றான் கோபிசங்கர்.

"அடிச்சதும் நான், செத்ததும் நானோ? நல்ல சண்டை, தம்பி!"

மேசை சிரித்தது. டிலக்ஷியும் சிரித்தாள், ஒருமுறை நடக்கிறதுதான் என்று. அடுத்த மேசையிலும் அதுவே நடந்தது. மூன்றாவது மேசையில் ஒரு வங்கிக்காரர் இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் ஓடினார், சோகி எடுத்தார், ஓடினார். அடிக்கவேயில்லை. "அடிச்சால் சாவன். ஓடினால் சோகியாவது மிஞ்சும்" என்றார். அவருக்கு முன்னால் சோகி குவிய, மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

மதியம் கோபிசங்கர் அவளைக் கொட்டிலுக்கு வெளியே கூட்டிப்போனான்.

"அடிக்கேக்கை திறம். அடிச்சாப்பிறகு பிணம். அந்த நகர ஏலாத விதியைத் தூக்கிவிடுவம், டிலக்ஷி. ஒரு வரிதானே."

"ஏலாது, சேர். அதைத் தூக்கினால் பிறகென்ன பாய்ச்சல்? சும்மா ஓட்டம். எல்லாத்தையும் போட்டு அடிக்கிறவளுக்கு மிச்சம் இருக்கக்கூடாது."

"அப்ப ஆள் சாகுது."

"எங்கடை மேசையிலை ஒருத்தரும் சாகேல்லையே!"

"உங்கடை மேசையிலை அப்பிடி என்ன நடக்குது?"

"இதேதான் நடக்குது!"

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. உள்ளே நிரோஜினி மடிக்கணினியைத் திறந்து வரைபடத்தை அந்த இரண்டு பக்கத்தில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். டிலக்ஷி அதைக் கண்டாள். தொலைபேசியை எடுத்தாள்.

"அண்ணை, டினேஸையும் ஏத்திக்கொண்டு அச்சுவேலிக்கு வா."

"இண்டைக்கு ஞாயிறடி. பூசையாலை வந்து சாப்பிட்டிட்டு இப்பதான் சரிஞ்சனான்."

"பாய்ச்சல் சாகுது, அண்ணை."

"வாறன்" என்றான் லெனாட்.

மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியபோது இருவரும் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டோடுதான் இருந்தார்கள். டிலக்ஷி அவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. "வீட்டிலை விளையாடுற மாதிரி விளையாடுங்கோ" என்று மட்டும் சொல்லி வாங்கில் இருத்தினாள். உதயகலாவையும் கூப்பிட்டாள். "அக்கா, இன்னொருக்கால் பாய்ச்சலை எடுங்கோ."

"திரும்பவும் சாகவோ?"

"ஓம். ஆனா எப்பிடிச் சாகிறீங்கள் எண்டு நான் வடிவாப் பாக்கவேணும்."

"கேக்கிற வடிவைப் பார்!" என்று சொல்லிக்கொண்டே உதயகலா உட்கார்ந்தாள்.

பழைய கதைதான். ஓட்டம், சோகி, அடி, ஆர்ப்பரிப்பு. யாளி பாதியாய் நின்றது. உதயகலா அதன் வாய்க்கு நேரே அசையாமல் நின்றாள். அடுத்தது லெனாட்டின் முறை. அவன் மதில் வழிக்காரன். யோசிக்கவே இல்லை.

"நான் ஓடிப்போய் அக்காவை இழுத்து எடுக்கிறன்."

கோபிசங்கர் தலையை நிமிர்த்தினான். "அப்பிடி ஒரு விதி இல்லையே."

"என்ன விதி?"

"ஒருத்தர் இன்னொருத்தரை இழுக்கலாம் எண்டு எங்கையும் எழுதியில்லை."

லெனாட் டினேஸைப் பார்த்தான். டினேஸ் லெனாட்டைப் பார்த்தான்.

"போட் கரைக்கு வந்தால் இழுக்கிறதுக்கு விதி என்னத்துக்கு, சேர்?" என்றான் லெனாட். "அது நிக்குது. நாங்களும் நிக்கிறம். இழுக்கத்தானே வேணும்."

டிலக்ஷி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

மணற்காட்டில் யாருடைய போட் பாய்ந்து ஏறினாலும், கரையில் நிற்கிறவர் போய்க் கைவைப்பார். சொந்தக்காரர், பகைக்காரர் என்று பார்ப்பதில்லை. வேலி எல்லைக்கு வழக்குப் பேசுகிறவர்கள்கூட அந்த நேரத்தில் ஒரே கயிற்றில் இருப்பார்கள். அடுத்த அலை வந்து போட்டைத் திருப்புமுன் மேலே ஏற்றவேண்டும், அவ்வளவுதான். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. வீட்டு மேசையில் லெனாட் ஒவ்வொருமுறையும் டினேஸை இழுத்தெடுத்தான். கதை நடத்திய அவள் ஒவ்வொருமுறையும் 'ஓம்' என்றாள். அது விதியில் இல்லை என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. மூச்சு விடலாம் என்று யாராவது விதி எழுதுவார்களா?

"அக்கா" என்று உதயகலாவிடம் திரும்பினாள். "உங்கடை பக்கம் ஒருத்தற்றை லான்ட்மாஸ்டர் சேத்திலை புதைஞ்சால் என்ன செய்வீங்கள்?"

"கூப்பிட்டால் போவம்."

"கூப்பிடாட்டி?"

"கூப்பிடாமல் எப்பிடிப் போறது? என்னாலை எடுக்க ஏலும் எண்டு அவர் நிண்டு வேலை செய்யேக்கை, நாங்கள் போய்க் கைவைச்சால் அவருக்கு ஒரு மாதிரி இருக்காதே? கேட்டால் விடியவிடிய நிப்பம். கேக்கவேணும்."

"அதுதான் காலமை நீங்கள் செத்தனீங்கள். ஒருத்தரும் கேக்கேல்லை, ஒருத்தரும் வரேல்லை."

கோபிசங்கர் பகடையைக் கீழே வைத்தான். "எழுதும்" என்றான்.

அவள் எழுதினாள். பக்கத்தில் நிற்கிற எவரும், தன் நகர்வை விட்டுக்கொடுத்து, அசைய ஏலாமல் நிற்பவரை இழுத்தெடுக்கலாம். எழுதி முடிக்குமுன் உதயகலா கேட்டாள்:

"பொறு தங்கச்சி. இழுக்கிறவருக்கு என்ன? நான் என்ரை முறையை விட்டிட்டு உவரைப் போய் இழுத்தால், என்ரை சண்டையை ஆர் பிடிக்கிறது? அந்த வங்கி ஐயா ஒருநாளும் வரமாட்டார், சொல்லிப்போட்டன்."

பக்கத்து மேசையிலிருந்து, "நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார் வங்கிக்காரர்.

"கறிக்கு மீன் கிடைக்கும்" என்றான் டினேஸ், அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் மாதிரி.

அதுவும் அந்தக் கரையின் வழக்கம்தான். போட்டில் கைவைத்தவர் வெறுங்கையோடு போவதில்லை. அவர் கேட்கவும் மாட்டார். போட்டுக்காரர் மறக்கவும் மாட்டார். மேசையில் உதயகலா போட்ட சோகிகள் கிடந்தன. டிலக்ஷி அதில் ஒன்றை எடுத்து லெனாட்டின் முன்னால் வைத்தாள்.

"இழுத்தவருக்கு ஒரு சோகி. பாய்ச்சல்காரர் இல்லாட்டியும் பரவாயில்லை. விரும்பின நேரம் போட்டு ஒரு பகடை கூட உருட்டலாம்."

கோபிசங்கர் சோகியைப் பார்த்தான். மெதுவாக அவனுடைய முகம் வகுப்பில் நிற்கிற முகமாக மாறியது. "உந்தம் அழியேல்லை" என்றான். "கை மாறுது."

"பாடம் எடுக்காதேங்கோ, சேர். நேரம் நாலரை" என்றாள் நிரோஜினி.

கடைசி மேசைக்கு டிலக்ஷியே கதை நடத்தினாள். லெனாட்டையும் டினேஸையும் வாங்கை விட்டு எழுப்பினாள். அவர்கள் இருந்தால் சோதனை சோதனையல்ல. உதயகலா பாய்ச்சல்காரி. வங்கிக்காரர் மந்திரக்காரர். அப்போதுதான் உள்ளே வந்த தயாளினி, கோப்பாயில் தாதியாக வேலை பார்ப்பவள், காயம் ஆற்றுகிற வைத்தியர். மூவருக்கும் இன்றைக்கு முன் ஒருவரையொருவர் தெரியாது. டிலக்ஷி விதியை ஒரேயொரு தரம் வாசித்தாள். அதன்பிறகு எதுவும் ஞாபகப்படுத்துவதில்லை என்று மனதுக்குள் முடிவெடுத்தாள்.

உதயகலா ஓடினாள். சோகி சேர்ந்தது. அடித்தாள். இந்தமுறை பகடைகள் கைவிட்டன. ஒன்று, இரண்டு, திரும்பவும் ஒன்று. யாளியில் ஒரு கீறல், அவ்வளவுதான். கொட்டிலில் ஒரு முனகல் எழுந்தது. லெனாட்டின் கை தானாக முன்னுக்கு வந்தது. டினேஸ் அவன் சேட்டைப் பிடித்து இழுத்தான்.

தயாளினியின் முறை. மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. அவள் தன் தாளைப் பார்த்தாள், உதயகலாவின் பாத்திரம் நிற்கிற இடத்தைப் பார்த்தாள், யாளியைப் பார்த்தாள். டிலக்ஷி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பாய்ச்சல் அவள் சொல்லித்தான் நிற்கும், சொல்லாமலும் நிற்கவேண்டும்.

"இவவை இப்பிடியே விட்டால் நான் பிறகு எதை ஆத்திறது?" என்றாள் தயாளினி. "போய் இழுத்து எடுக்கிறன்."

டிலக்ஷி ஒரு சோகியை அவள் பக்கம் தள்ளினாள்.

"இது எனக்கோ?"

"உங்களுக்குத்தான்."

யாளி கவ்விய இடத்தில் காற்றுத்தான் இருந்தது. உதயகலா திரும்பவும் ஓடத் தொடங்கினாள். அடுத்தமுறை அவள் அடித்து நின்றபோது, தயாளினி அசையுமுன் வங்கிக்காரர் எழுந்தேவிட்டார். "இந்தமுறை நான்! நான் இழுக்கிறன்! எனக்கும் ஒண்டு தாங்கோ!" சோகி கையிலிருந்து கைக்குப் போனது. ஓட்டம், அடி, இழுவை, மறுபடி ஓட்டம். மேசையில் யாரும் சும்மா இருக்கவில்லை. தன் முறை வரும்வரை காத்திருந்து கொட்டாவி விட ஆளில்லை. கடைசியில் யாளியைச் சாய்த்தது உதயகலாகூட இல்லை. தான் இழுத்துச் சேர்த்த சோகிகளைப் போட்டு, தயாளினி ஒரு வைத்தியர் எறியக்கூடாத கல்லொன்றை எறிந்தாள். யாளி விழுந்தது. வெளியே வீதியில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி உள்ளே பார்த்தார்.

"காலமை என்னைச் சாகவிட்டவையெல்லாம் எங்கை?" என்று உதயகலா எழுந்து நின்று கேட்டாள். "வந்து பாருங்கோ!"

டிலக்ஷி கோபிசங்கரைப் பார்த்தாள். அவன் அவள் எழுதிய வரிகளைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தான்.

"டிலக்ஷி, இந்த இழுக்கிற விதியை உம்மடை ரெண்டு பக்கத்திலை போட ஏலாது."

"ஏன், சேர்?"

"இது பாய்ச்சல்காரர் செய்யிறதில்லை. பக்கத்திலை நிக்கிறவை செய்யிறது. உம்மடை பக்கத்தை மற்றவை ஏன் வாசிக்கப்போகினம்? சண்டை அத்தியாயத்தின்ரை முதல் பக்கத்திலை, எல்லாருக்கும் பொதுவாப் போடவேணும். மதிலுக்கும், நிழலுக்கும், எல்லாருக்கும்."

"அப்ப பாய்ச்சல்?"

"பாய்ச்சல் உம்மடை ரெண்டு பக்கத்திலையும் அப்பிடியே இருக்கட்டும். நகர ஏலாத விதியோடை."

நிரோஜினி ஒரு பெருமூச்சு விட்டு வரைபடத்தை அழித்தாள். "வடிவான வரைபடம்" என்றாள் யாருக்கென்றில்லாமல். பிறகு விசைப்பலகையில் கையை வைத்தாள். "முதல் பக்கத்திலை கொஞ்ச இடம்தான் கிடக்கு. கெதியாச் சொல்லு, என்ன போடுறது?"

டிலக்ஷி சொன்னாள். பக்கத்தில் நிற்பவர் தன் நகர்வை விட்டுக்கொடுத்து, அசைய முடியாதவரை இழுத்தெடுக்கலாம். இழுத்தவருக்கு ஒரு சோகி.

"அவ்வளவுதானோ?"

டிலக்ஷி உதயகலாவைப் பார்த்தாள். புத்தூருக்கு ஒரு சொல் தேவை, மணற்காட்டுக்குத் தேவையில்லை. புத்தகம் இரண்டு ஊருக்கும் போகிறது. இன்னும் பெயர் தெரியாத ஊர்களுக்கும் போகும்.

"இன்னொரு வரி" என்றாள். "அவர் கூப்பிடும்வரை காத்திருக்கவேண்டியதில்லை."

உதயகலா அந்த வரியை எட்டிப் பார்த்துவிட்டு, "ஓம், எழுதிக் கிடந்தால் போகலாம். ஒருத்தருக்கும் ஒரு மாதிரி இருக்காது" என்றாள்.

ஆறு அடிக்கச் சற்று முன் கோப்பு அச்சகத்துக்குப் போனது. வாங்குகளைப் பழைய இடத்துக்குத் தள்ளினார்கள். கரும்பலகையில் சமன்பாட்டை மட்டும் விட்டு யாளியை அழித்தார்கள். லெனாட்டும் டினேஸும் கேட்காமலே எல்லாப் பக்கமும் கைகொடுத்தார்கள். உதயகலா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தானும் ஒரு வாங்கின் மறுமுனையைப் பிடித்தாள்.

டிலக்ஷி சோகிகளைப் பைக்குள் போட்டாள். ஒன்று குறைந்தது. மேசைக்குக் கீழே தேட நிரோஜினி குனிந்தாள்.

"தேடாதை" என்றாள் டிலக்ஷி. "தயாளினி அக்கா கொண்டுபோட்டா. கையிலை வைச்சு உருட்டிக்கொண்டு போனதைக் கண்டனான்."

"கேக்காமலோ? கூப்பிட்டு வாங்கன்."

"அவ இழுத்தவ" என்று சொல்லி, பையின் வாயைக் கட்டித் தலைக்கவசத்தை எடுத்தாள். வல்லை வெளியில் இந்த நேரம் காற்று நன்றாக எழும்பியிருக்கும்.